கண்ணெதிரே இருந்த அரை அங்குலம்

1989 அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஆல்ட்டா என்று ஒரு சின்ன ஊர். மக்காச்சோள அறுவடை நேரம். ஒரு விவசாயப் பெண்மணி அறுவடை மெஷினை ஓட்டிக்கிட்டுப் போறாங்க. திடீர்னு எதுலயோ முட்டின மாதிரி வண்டி தடுமாறுது. என்னன்னு பாத்தா, பயிருக்கு நடுவுல, மண்ணுல பாதி புதைஞ்சு, ஒரு பெரிய உலோக வளையம். அதுல உடைஞ்ச பிளேடுகள் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

அந்த வளையத்தைத்தான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பணம் தருவதாக இன்ஜின் கம்பெனி அறிவித்தும் இருந்தது. ஒரு விமான இன்ஜினின் முன்பக்க ஃபேன் டிஸ்க் அது. டைட்டானியம் உலோகக் கலவை, முழுசா இருந்தா சுமார் 168 கிலோ எடை.

வணக்கம் மக்களே. இன்னிக்கு எபிசோட் விரிசல் பத்தி. இரும்பு, அலுமினியம், டைட்டானியம்னு ஒரு உலோகத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற விரிசலை, அந்தப் பொருளை உடைக்காம, அறுக்காம எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கற கதை. இன்டஸ்ட்ரில இதுக்கு 'என்டிடி'ன்னு பேர். நம்ம ஊர்ல பாய்லர், பைப்லைன் வேலை பாக்கற யாரைக் கேட்டாலும் இந்தப் பேர்தான் சொல்வாங்க. நானும் அப்படியே சொல்றேன்.

முதல்ல அந்த டிஸ்க் ஏன் சோளக்காட்டுல விழுந்ததுன்னு சொல்லிடறேன்.

1989 ஜூலை 19. யுனைடெட் ஏர்லைன்ஸ் 232. டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போகும் டிசி-10 விமானம். உள்ளே 296 பேர். இந்த விமானத்துக்கு மூன்று இன்ஜின்கள்: இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலில் ஒன்று. 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது வால் இன்ஜினின் ஃபேன் டிஸ்க் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் வால் பகுதியில் ஓடிய மூன்று ஹைட்ராலிக் சிஸ்டம்களின் குழாய்களையும் கிழித்துவிட்டன. திரும்பறதுக்கு, ஏறி இறங்கறதுக்குன்னு விமானத்துல இருக்கற எல்லா கன்ட்ரோலுமே ஹைட்ராலிக்கை நம்பித்தான். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு மூணு வெச்சாங்க. மூணும் ஒரே நேரத்துல காலி.

கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் அவருடைய குழுவும், பயணியாக வந்திருந்த டிசி-10 பயிற்சியாளர் டென்னிஸ் ஃபிட்சும் சேர்ந்து, மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை மாற்றி மாற்றியே 44 நிமிடம் அதை ஓட்டி சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். ரன்வேயில் இறக்கை இடித்து, விமானம் உடைந்து தீப்பிடித்தது. 111 பேர் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொருவரும் இறந்தார். 184 பேர் பிழைத்தார்கள். பைலட்டுகளோட கதையைப் பத்தி நிறைய டாக்குமென்டரி இருக்கு, தேடிப் பாருங்க. நான் பேச வந்தது டிஸ்க் பத்தி.

சோளக்காட்டில் கிடைத்த டிஸ்கை ஆராய்ந்தபோது அதன் நடுத்துளையின் ஓரத்தில் ஒரு விரிசல் ஆரம்பித்து வளர்ந்திருந்தது தெரிந்தது. விபத்துக்கு 17 மாதம் முன்னாடி, 1988 பிப்ரவரியில், அந்த டிஸ்கைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று சோதித்திருந்தார்கள். அன்னிக்கே அந்த விரிசல் கிட்டத்தட்ட அரை அங்குல நீளம். உங்க சுண்டுவிரல் நகத்தோட அகலத்தைப் பாருங்க. ஏறக்குறைய அவ்வளவு. சோதனை ரிசல்ட்: பாஸ்.

எப்படி? இதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். கொஞ்சம்னா, 1842-க்கு.

அந்த வருஷம் மே 8-ஆம் தேதி, பிரான்சில் வெர்சாய் அரண்மனையில் மன்னர் லூயி ஃபிலிப்பைக் கௌரவிக்க நடந்த விழாவைப் பார்த்துவிட்டு பாரிஸ் திரும்பியது ஒரு ரயில். மூடான் என்ற இடத்தில் முன்னால் ஓடிய இன்ஜினின் அச்சு உடைந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இன்ஜின் நெருப்பில் பற்றிக்கொண்டன. அந்தக் காலத்தில் பெட்டிகளின் கதவை வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம். குறைந்தது 50 பேராவது உள்ளேயே எரிந்து போனார்கள். தென் துருவக் கடலுக்குப் போய் உயிரோடு திரும்பி வந்த கடற்பயணி த்யுமோன் துர்வில், மனைவி, மகனோடு இந்த ரயிலில்தான் இறந்தார்.

அச்சு ஏன் உடைந்தது? அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு, அதிகச் சுமை எதுவும் இல்லாமல், பட்டென்று முறிகிறது. அப்போ இருந்த பிரபலமான விளக்கம்: ஓடி ஓடி, அதிர்ந்து அதிர்ந்து, நாருநாரா இருந்த இரும்பு உள்ளுக்குள்ள படிகமா மாறிடுது, அதனால நொறுங்குது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு.

தப்புன்னு சொன்னவர்களில் ஒருவர், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசுப் பையன். பெயர் வில்லியம் ரேங்கின். மெக்கானிக்கல் படிச்சவங்க இப்ப நிமிர்ந்து உக்காந்திருப்பீங்க. ஆமா, செகண்ட் இயர் தெர்மோல நம்ம உயிரை எடுத்த ரேங்கின் சைக்கிள், அதே ரேங்கின்தான். உடைந்த அச்சுகளின் முகத்தைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: இரும்பு மாறவில்லை. அச்சின் தடிமன் சட்டென்று குறையும் மூலையில் ஒரு சின்ன விரிசல் ஆரம்பிக்கிறது. அது சுற்றிலுமிருந்து உள்நோக்கி மெதுவாக நகர்கிறது. நடுவில் மிச்சமிருக்கும் நல்ல இரும்பு ஒருநாள் சுமை தாங்காமல் முறிகிறது.

இதுல ஒரு நல்ல செய்தி இருக்கு. இரும்பு உள்ளுக்குள்ள மாயமா மாறுதுன்னா நாம ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா விரிசல் மெதுவா வளருதுன்னா, உடையறதுக்கு முன்னாடியே பாத்துடலாம். நம்ம கையில டைம் இருக்கு. என்டிடிங்கற மொத்தத் தொழிலும் அந்த டைமை நம்பித்தான் நிக்குது.

பார்க்க முதலில் பயன்பட்டது காது. ரயில் நிலையங்களில் ஒருவர் நீளமான சுத்தியலோடு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது 'தொக்'குன்னு கேட்கும். மண்பானை வாங்கும்போது நம்ம பாட்டி சுண்டிப் பாக்கறாங்களே, அதே டெக்னிக்தான். பெரிய விரிசலுக்குச் சரி. மயிரிழை விரிசலுக்குப் பானையும் ஏமாத்தும், சக்கரமும் ஏமாத்தும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் ரயில் பட்டறைகளில் பழக்கத்துக்கு வந்தது. அச்சு, கனெக்டிங் ராட் மாதிரி பாகங்களை, மண்ணெண்ணெய் கலந்து இளக்கிய கெட்டியான அழுக்கு எண்ணெயில் ஊறப்போடுவார்கள். பிறகு வெளியே எடுத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாராயத்தில் கரைத்த சுண்ணாம்புப் பொடியை மேலே பூசுவார்கள். சாராயம் ஆவியாகிப் போனதும் பாகம் முழுக்க வெள்ளையாக நிற்கும். இப்போது சுத்தியலால் ஒரு தட்டு. விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைச் சுண்ணாம்பில் கறுப்புக் கோடாகத் தெரியும். மழை நின்னு ரெண்டு நாள் கழிச்சு வீட்டுச் சுவரைப் பாருங்க. மத்த இடமெல்லாம் காஞ்சிருக்கும், விரிசல் மட்டும் ஈரக்கோடா தெரியும்ல? அதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் காந்தம் வந்தது. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் வில்லியம் ஹோக் என்ற அமெரிக்க ராணுவ மேஜர் ஒன்றைக் கவனித்தார். எஃகுத் துண்டுகளைக் காந்தத்தால் பிடித்துவைத்து கிரைண்டிங் செய்யும்போது, பறக்கும் இரும்புத் தூள் எஃகின்மேல் சில இடங்களில் கோடு கோடாகப் படிந்தது. கோடு இருந்த இடத்திலெல்லாம் விரிசல் இருந்தது. காந்தப்புலம் எஃகுக்குள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், விரிசல் வந்த இடத்தில் வெளியே கசியும், கசியும் இடத்தில் தூள் ஒட்டிக்கொள்ளும். ஹோக் பேட்டன்ட் வாங்கியதோடு சரி. 1920-களின் கடைசியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் குழாய்கள் உடைவதை ஆராய வந்த ஆல்ஃப்ரெட் டி ஃபாரெஸ்ட்தான் இதை முறையான தொழில்நுட்பமாக்கினார். அவரும் ஃபாஸ்டர் டோனும் சேர்ந்து 1934-ல் தொடங்கிய கம்பெனி மேக்னஃப்ளக்ஸ். இன்றும் இருக்கிறது.

ஆனா காந்தத்துக்கு ஒரு சிக்கல். காந்தம் ஒட்டற உலோகத்துலதான் இது வேலை செய்யும். அலுமினியத்துல ஒட்டாது. டைட்டானியத்துலயும் ஒட்டாது. விமானங்களோ அலுமினியத்துக்கு மாறிக்கிட்டு இருந்த நேரம் அது. அதனால பழைய எண்ணெய், சுண்ணாம்பு டெக்னிக்குக்கே திரும்பிப் போக வேண்டியதாச்சு. அந்தத் திரும்பலுக்குப் பின்னாடி, நம்ப முடியாத ஒரு கதை இருக்கு.

1930-கள். கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஸ்விட்சர் என்ற இளைஞர். டாக்டராக வேண்டும் என்று ஆசை. படிப்புச் செலவுக்காகத் தக்காளிப் பெட்டிகளை இறக்கும் வேலைக்குப் போன இடத்தில் கீழே விழுந்து தலையில் பலத்த அடி. கண் பார்வை பாதிக்கப்பட்டதால் இருட்டறையில் இருக்கச் சொன்னார் மருத்துவர். தம்பி ஜோசப்புக்கு கெமிஸ்ட்ரியிலும் மேஜிக்கிலும் பைத்தியம். இருட்டுல உக்காந்து போரடிச்சா என்ன பண்ணுவாங்க? அல்ட்ராவயலட் விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பாவின் மருந்துக்கடை கிடங்குக்குள் போய், எந்தெந்த பாட்டில் ஒளிருகிறது என்று பார்த்தார்கள். ஒளிர்ந்தவற்றை வைத்துப் பெயின்ட் செய்தார்கள். அந்தப் பெயின்ட் முதலில் மேடையேறியது ஜோசப்பின் மேஜிக் ஷோவில்.

பின்னாளில் டே-குளோ என்று உலகம் முழுக்க விற்ற பளீர் வண்ணங்களும் இந்தச் சகோதரர்களுடையதுதான். ரோட்டு வேலை செய்யறவங்க போடற கண்ணைப் பறிக்கற ஜாக்கெட், ஹைலைட்டர் பேனா, இதுக்கெல்லாம் மூலம் அந்தக் கிடங்கு. அவர்களுக்கு இன்னொரு யோசனையும் வந்தது: எண்ணெய்க்குப் பதிலாக ஒளிரும் திரவத்தை விரிசலுக்குள் அனுப்பினால்? இருட்டறையில் அல்ட்ராவயலட் அடித்தால் விரிசல் மட்டும் மஞ்சள்பச்சையாக மின்னுமே. 1942-ல் மேக்னஃப்ளக்ஸ் அதைச் சைக்ளோ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. போர் நேரம், விமானத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடிய நேரம். உடனே பிடித்துக்கொண்டது.

அதே காலத்துல அல்ட்ராசவுண்டும் வந்தது. அது தனி எபிசோட் போடற அளவுக்குப் பெருசு, அதனால ஒரு விஷயம் மட்டும். உலோகத்துக்குள் ஒலியை அனுப்பி, விரிசலில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி 1940-களிலேயே தயார். 1955-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். இரும்பில் விரிசல் பார்க்கும் மெஷினை அந்தக் கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க, கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். நாம இன்னிக்கு ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல போடற பாப்பா ஸ்கேன் படத்தோட பூர்வீகம் பாய்லர் கம்பெனி.

சரி, டிஸ்குக்குத் திரும்புவோம். 1988-ல் அந்த டைட்டானியம் டிஸ்கைச் சோதித்தது ஸ்விட்சர் சகோதரர்களின் ஒளிரும் திரவ முறையில்தான்.

இங்க என் சொந்தக் கதை ஒண்ணு. நான் படிச்சது மெக்கானிக்கல், பாக்கறது ஐடி வேலை. தமிழ்நாட்டுல இதுக்கு விளக்கம் தேவையில்லை. காலேஜ் லேப்ல இந்த டெஸ்ட் நாங்களும் பண்ணோம், ஒளிரும் திரவம் இல்ல, சிவப்புச் சாயம் வர ஸ்ப்ரே. ஒரு வெல்டிங் பிளேட் குடுப்பாங்க. சாயம் அடிச்சு, பத்து நிமிஷம் விட்டு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சா சிவப்புக் கோடு வரும். வராம இருந்ததே இல்ல. ஏன்னா அது பல வருஷமா இருக்கற அதே பிளேட், அதே விரிசல். சீனியர் ரெகார்டைப் பாத்து ரீடிங் எழுதிட்டு வந்து ஸ்ப்ரே அடிச்சவங்களும் உண்டு. அந்த லேப்ல கத்துக்காத விஷயம் ஒண்ணு இருக்கு: விரிசல் இருக்கா இல்லையான்னே தெரியாத ஒரு பொருளைப் பாக்கறது எப்படி இருக்கும்?

அமெரிக்க விமானப்படைக்கு இந்தக் கேள்வி 1969 டிசம்பரில் வந்தது. எஃப்-111 போர் விமானம் ஒன்றின் இறக்கை பறக்கும்போதே கழன்று விழுந்து இரண்டு பேரும் இறந்தார்கள். புது விமானம், நூறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பறந்திருந்தது. இறக்கையைத் தாங்கும் எஃகுப் பாகத்தில், தொழிற்சாலையில் உருவாகும்போதே ஒரு பெரிய குறை இருந்தது. எல்லாச் சோதனைகளையும் தாண்டி அது விமானத்துக்குள் வந்துவிட்டது.

அதுக்கப்புறம்தான் கேள்வியே மாறுது. அதுவரைக்கும் எல்லாரும் பெருமையா சொன்னது, 'எங்க மெஷின் எவ்வளவு சின்ன விரிசலையும் பிடிக்கும்' என்று. இப்போ கேட்ட கேள்வி, 'எவ்வளவு பெரிய விரிசலை நீங்க விட்டுடுவீங்க?' ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும், இல்ல. முதல் கேள்வி மெஷினைப் பத்தினது. ரெண்டாவது, மெஷின் பக்கத்துல நிக்கற ஆளையும் சேத்துக் கேக்குது.

1970-களில் அவர்கள் அதை அளக்கவே கிளம்பினார்கள். உண்மையான விரிசல் இருக்கும் விமான பாகங்களைப் பெட்டியில் போட்டு, விமானத்தளம் விமானத்தளமாக எடுத்துப் போய், அங்கே தினமும் இந்த வேலை செய்யும் ஆட்களிடமே கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முடிவு அதிர்ச்சி. அரை அங்குல விரிசலைக்கூட நம்பகமாகப் பிடிக்க முடியவில்லை. ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். படிப்பும் அனுபவமும் கூட இருந்தால் ரிசல்ட்டும் கூடும் என்று எதிர்பார்த்ததும் நடக்கவில்லை.

இப்போ யுனைடெட் 232-ன் டிஸ்க். 1971-ல் அந்த டைட்டானியத்தை உருக்கும்போது நைட்ரஜன் சேர்ந்து ஒரு புள்ளி மட்டும் கெட்டியாக, நொறுங்கும் தன்மையோடு உறைந்தது. பிறகு அந்தப் புள்ளி உதிர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குழி விழுந்தது. ஒவ்வொரு டேக்-ஆஃபிலும் டிஸ்க் முழு வேகத்தில் சுற்ற, குழியிலிருந்து விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ரேங்கின் சொன்னது அப்படியே. மொத்தம் 15,503 பயணம். இடையில் ஆறு முறை சோதனை. கடைசிச் சோதனைக்குப் பிறகு 760 பயணம் தாங்கியது.

என்னைத் தூங்கவிடாத விவரம் இதுதான். விபத்துக்குப் பிறகு ஆய்வகத்தில் விரிசலின் முகத்தைப் பரிசோதித்தபோது, அதில் ஒரு பகுதி நிறம் மாறி இருந்தது. அங்கே, சோதனைக்குப் பயன்படும் அந்த ஒளிரும் திரவத்தில் இருக்கும் ரசாயனங்களின் தடயம் கிடைத்தது. அதாவது 1988 பிப்ரவரில திரவம் விரிசலுக்குள்ள போயிருக்கு. ஸ்விட்சர் சகோதரர்களோட கெமிஸ்ட்ரி தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கு. பாக்க வேண்டிய ஒரு ஜோடிக் கண் பாக்கல.

ஏன் பார்க்கவில்லை? விசாரணை வாரியம் பல சாத்தியங்களைச் சொன்னது. டிஸ்கை நடுத்துளை வழியாகக் கேபிளில் தொங்கவிட்டுத்தான் சோதித்தார்கள். கேபிள் உட்காரும் இடமும் விரிசல் இருந்த இடமும் ஒரே துளையில். டிஸ்கைச் சுற்றித் திருப்பிப் பார்க்காமல் விட்டிருந்தால் மறைந்திருக்கும். பிளேடுகள் மாட்டும் பள்ளங்களில்தான் விரிசல் வரும் என்ற எதிர்பார்ப்பில் துளையைச் சீக்கிரம் பார்த்து முடித்திருக்கலாம். இதில் எது நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் விபத்துக்கான காரணமாக வாரியம் எழுதியது முக்கியமானது: அந்த விமான நிறுவனத்தின் இன்ஜின் பட்டறையில் சோதனை முறைகளை அமைத்தபோது, மனிதர்களுடைய வரம்புகளைப் போதுமான அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வாரியத்தின் ஓர் உறுப்பினர் மாற்றுக் கருத்தும் எழுதினார். டிஸ்க் வெடிக்கலாம் என்பது முன்கூட்டியே யோசித்திருக்கக்கூடியதுதானே, விமானத்தை வடிவமைத்தவர்களும் பொறுப்பில்லையா என்பது அவர் வாதம். எனக்கு அவர் பக்கமும் நியாயம் இருக்கறதா தோணுது. எல்லாத்தையும் கடைசில இருட்டறைல நிக்கறவர் தலைல கட்டறது ரொம்ப ஈஸி.

அந்த ஆளை யோசிச்சுப் பாருங்க. இருட்டு ரூம். கையில அல்ட்ராவயலட் லைட். பாகத்துக்கு மேல பாகம், எல்லாம் நல்லது, நல்லது, நல்லது. வருஷக்கணக்கா பாத்தும் இந்த இடத்துல ஒரு விரிசலும் வந்ததில்ல. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு ரெண்டாயிரம் லைன் கோடு ரிவ்யூவுக்கு வந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். ஸ்க்ரோல் பண்ணிட்டு 'லுக்ஸ் குட்'னு போட்டுட்டுக் கிளம்புவேன். போட்டிருக்கேன். ஒருதடவை அதுல இருந்த பக் பேமென்ட்டை ரெண்டு தடவை எடுத்து, திங்கக்கிழமை முழுக்க ரீஃபண்ட் போட்டோம். அப்போ நான் அந்த ஃபைலைத் திறந்துதான் இருந்தேன். அந்த லைன் என் ஸ்க்ரீன்ல இருந்தது.

சூ சிட்டிக்குப் பிறகு நிறைய மாறியது. டைட்டானியத்தை இரண்டு முறை உருக்கும் வழக்கத்தைக் கம்பெனிகள் ஏற்கெனவே மூன்று முறையாக்கியிருந்தன. பழைய முறையில் செய்த டிஸ்க்குகளைத் திரும்ப அழைத்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். இதெல்லாம் உண்மையான முன்னேற்றம்.

ஆனா கதை அங்க முடியல. 1996 ஜூலை 6. ஃப்ளோரிடா, பென்சகோலா. டெல்டா ஏர்லைன்ஸின் எம்டி-88 ஒன்று ரன்வேயில் ஓட ஆரம்பித்தபோது இன்ஜினின் ஃபேன் ஹப் வெடித்து, துண்டுகள் கேபினுக்குள் பாய்ந்தன. ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். ஹப்பில் துளை போட்டபோது டிரில் ஏற்படுத்திய சேதத்திலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. முந்தைய வருஷம்தான் அதைக் கழற்றி ஒளிரும் திரவத்தில் சோதித்திருந்தார்கள். பாஸ். இந்தத் தடவையும் டைட்டானியம். இந்தத் தடவையும் விரிசல், ஆள் பாத்திருக்கக்கூடிய அளவுக்கு வளர்ந்திருந்ததுன்னுதான் விசாரணை அறிக்கை சொல்லுது.

அல்ட்ராசவுண்ட் கதை அடுத்த எபிசோட்ல. அதுக்குள்ள உங்க வீட்லயோ, தெருவுலயோ யாராவது என்டிடி வேலை பாக்கறவங்க இருந்தா, அவங்க விட்டுட்ட விரிசல் பத்திக் கேளுங்க. சொன்னா, எனக்கு எழுதி அனுப்புங்க.